உடம்பு கடிக்கிறதா? பூசுவதற்கு முன் பாருங்கள்: திருகோணமலை வெக்கைக்கு வீட்டு வைத்தியம்

நுவரெலியாவிலிருந்தோ பதுளையிலிருந்தோ இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி, "உடம்பெல்லாம் கடிக்குது, என்ன பூசலாம்?" என்பதுதான். தோல் அரிப்பதைத்தான் இங்கே கடி என்கிறோம். கேட்டவுடன் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டு அம்மா வேப்பிலை என்பார், வேலை இடத்தில் ஒருவர் தேங்காய் எண்ணெய் என்பார், பாமசிக்குப் போனால் ஏதோ ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். சொல்வதில் பாதி சரியானதுதான், ஆனால் எந்தக் கடிக்கு எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் ஒருவருக்குச் சுகம் தந்த எண்ணெய் இன்னொருவரை விடிய விடிய நித்திரை கொள்ள விடாமல் பண்ணுகிறது.

ஊரின் காற்றைப் புரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெறும் சூடும் வறட்சியுமாக வந்து சேர்கிறது. கச்சான் காற்று என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கால், கை எல்லாம் காய்ந்து வெளிறிப் போகும். வெயிலில் நடந்து வேர்த்தால் மடிப்புகளில் வேறு மாதிரிக் கடிக்கும். அப்புறம் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை மழை, உடுப்புக் காயாது, தேமலும் படர்தாமரையும் தலையெடுக்கும், நுளம்பும் பெருகும். ஆக ஒரே ஊர்தான், ஆனால் காய்ந்த கடி, ஈரக் கடி என்று இரண்டு எதிரெதிரான வகை. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே வீட்டு வைத்தியம் வேலை செய்யும்.

முதல் வேலை: வடிவாகப் பாருங்கள்

குளிக்க முன்னர், பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் நின்று பாருங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. முதுகை வீட்டில் ஒருவரைக்கொண்டு போனில் படம் எடுத்துப் பார்க்கலாம்.

முழங்காலுக்குக் கீழே, முன்கையில், இடுப்பின் பக்கவாட்டில் கடிக்கிறது, நகத்தால் மெல்லக் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது, குளித்து முடிந்த கையோடு இன்னும் கூடுகிறது என்றால் அது காய்ந்த கடி. அக்குள், கழுத்து மடிப்பு, மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, சாரம் அல்லது பெல்ட் இறுகும் இடம், இங்கெல்லாம் ஊசி முனை அளவுச் சிவப்புப் பருக்கள், வேர்க்கும்போது சுள்ளென்று குத்துகிறது என்றால் வேர்க்குரு, அதாவது ஈரக் கடி. வட்டமாக, ஓரம் தடித்து, நடு வெளித்துப் போய்ப் பரவினால் படர்தாமரை. நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய அல்லது மண்ணிறத் திட்டுகள், சுரண்டினால் மாப்போல உதிர்ந்தால் தேமல். இவை இரண்டும் பூஞ்சணத்தால் வருவன, ஈரக் கணக்கில் சேருங்கள். கொசுக்கடி போலத் தடித்துச் சில மணி நேரத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பினால் அது ஒவ்வாமைத் தடிப்பு. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கி இரவில் உச்சத்துக்குப் போய், வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்கு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த திட்டு ஒன்று இருக்கிறது, ஆனால் கடிக்கவே இல்லை, தொட்டாலும் சூடு பட்டாலும் அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு என்றால், தேமல் என்று நினைத்து எதையும் பூசிக்கொண்டிருக்காதீர்கள். அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். இன்றும் இலங்கையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற நோய்தான் அது. மருந்து இலவசம், நேரத்தோடு போனால் முழுமையாகக் குணமாகும், வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இரண்டாவது: செய்வதை நிறுத்துங்கள்

எதையும் அரைக்க முன்னர் மூன்று நாளைக்குச் சிலவற்றை விட்டுப் பாருங்கள். பலருக்கு இதோடு பாதி அடங்கிவிடும்.

சுடுநீர்க் குளியல் வேண்டாம். சொறிகிற இடத்தில் சுடுநீர் படும்போது கிடைக்கிற சுகம் சில நிமிடம்தான், அது தோலில் இருக்கும் கொஞ்ச நஞ்ச எண்ணெயையும் உருவி எடுத்துவிடும். கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் தோல் வருத்தம் போகும் என்று பலர் நம்பிக்கையோடு வருகிறார்கள். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. போய்ப் பாருங்கள், குளியுங்கள், அருமையான இடம், ஆனால் தோல் சிவந்து வெடித்திருக்கும் நாளில் போகாதீர்கள்.

சவர்க்காரத்தை அக்குள், இடுக்கு, பாதம் என்று மூன்று இடத்தோடு நிறுத்துங்கள். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். 4.5 முதல் 5.5 வரை. சாதாரண சவர்க்காரம் 9, 10 வரை போகும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தாலேயே உடம்பையும் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதைக் கட்டாயம் விடுங்கள். சவர்க்காரம் இல்லாமல் குளித்த மாதிரியே இல்லை என்கிறவர்கள் நைசாக அரித்த பயற்றம்மாவைக் குழைத்துப் பூசிக் கழுவலாம்.

கடலோரத்தில் வீடு எடுத்தவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பாருங்கள். உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, மாறாகத் தோலில் ஒரு படையாக ஒட்டிக்கொள்ளும். கிணற்றில் குளித்தாலும் கடைசி இரண்டு வாளி குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். உடுப்பையும் இன்னொரு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அப்புறம் சொறிவது. சொறியாதே என்று சொல்வது சுலபம், முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சொறியச் சொறியத் தோல் கிழிந்து, வீங்கி, முன்னையதைவிட அதிகமாகக் கடிக்கும், அந்தச் சுற்றை எங்கேயாவது அறுக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கை தானாகப் போகும்போது நகத்தை விட்டுவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பழைய பருத்திச் சீலைத் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து, பத்து நிமிடம் போட்டு வையுங்கள். குளிர்ச்சி பட்டதும் கடிக்கிற உணர்வு அடங்கும், இதைவிடக் கெதியாக வேலை செய்கிற வீட்டு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஐஸ் கட்டியை நேரே தோலில் வைக்க வேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள்.

காய்ந்த கடிக்கு

தேங்காய் எண்ணெய்தான் முதலில். எண்ணெயைவிட, பூசுகிற நேரம் முக்கியம். உலர்ந்த தோலில் எண்ணெய் பூசினால் மேலே மினுங்கும், உள்ளே காய்ந்தபடியே கிடக்கும். குளித்து, துவாயால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும், அப்போதுதான் அந்த ஈரம் உள்ளே அடைபட்டு நிற்கும். இரண்டு கால்களுக்கும் ஒரு தேக்கரண்டி போதும். வாசனை கலக்காத, செக்கில் ஆட்டிய எண்ணெய் அல்லது வீட்டில் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய எண்ணெய் என்றால் நல்லது. பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வில், தோல் வறட்சிக்கு மருத்துவர்கள் கொடுக்கிற மினரல் எண்ணெயோடு தேங்காய் எண்ணெயை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் சமமாகவே வேலை செய்கின்றன என்று கண்டார்கள். ஒலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதற்காக மேலானது என்று நினைக்க வேண்டாம், அது தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்குகிறது. கடுகெண்ணெயும் வேண்டாம்.

ஓட்ஸ் அடுத்தது. கொழும்புக்காரர் சாப்பாடு என்று நினைக்கிற சாமான்தான், ஆனால் நைசாக அரைத்த ஓட்ஸை 2003 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே குளியல் தொட்டி எந்த வீட்டில் இருக்கிறது, ஆகவே வாளிக்கு ஏற்ற முறையைச் சொல்கிறேன். சீனியோ சுவையோ சேர்க்காத ஓட்ஸ் நான்கு மேசைக்கரண்டி எடுத்து கிரைண்டரில் மாவாக அரையுங்கள். ஒரு கரண்டியைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி ஆக வேண்டும், அடியில் மணல்போலத் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அந்த மாவைப் பழைய வேட்டித் துண்டில் போட்டுப் பொட்டலமாகக் கட்டி, அரை வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழியுங்கள். கொழகொழவென்று ஒரு வெள்ளைச் சாறு விரலிடுக்கில் வழியும், அதுதான் மருந்து. கடிக்கிற இடத்தில் அந்தப் பொட்டலத்தாலேயே மெல்ல ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, கடைசியாக அதே தண்ணீரை ஊற்றித் துவாயால் ஒற்றிவிட்டு எண்ணெய் பூசுங்கள். நிலம் வழுக்கும், வயது போனவர்களைக் கதிரையில் இருத்திச் செய்யுங்கள்.

கற்றாழை எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெட்டியவுடன் பூசுவதில்தான் பிழை விடுகிறார்கள். வெட்டிய மடலைத் தலைகீழாகக் கால் மணி நேரம் சாய்த்து வைத்தால் மஞ்சள் பால் வடியும். அந்தப் பால்தான் சிலருக்கு எரிவையும் கடியையும் கொடுப்பது. வடிந்த பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை இரண்டு மூன்று முறை கழுவிப் பூசுங்கள். வெயில் பட்டுச் சிவந்த தோலுக்கு இது நல்லது.

எது பூசினாலும் முதலில் முழங்கை உட்புறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசி ஒரு நாள் பொறுங்கள். இயற்கையானது என்பதால் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஈரக் கடிக்கு

இங்கே எண்ணெயைத் தொடாதீர்கள். வேர்க்குரு என்பது வேர்வைத் துளைகள் அடைபடுவதால் வருவது, மேலே எண்ணெய் பூசினால் இன்னும் அடைபடும். தேமலை உண்டாக்கும் பூஞ்சணம் தோலின் எண்ணெய்ப் பசையை உண்டுதான் வளர்கிறது, அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது அதற்குச் சாப்பாடு போடுகிற வேலை. கை நிறைய எண்ணெய் பூசி வளர்த்த பிள்ளைகளின் கழுத்தில் வேர்க்குரு ஆறாமல் கிடப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

வேர்க்குருவுக்கு மருந்து குளிர்ச்சியும் காற்றும்தான். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நனைந்த சட்டையைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் குளித்து, மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, ஃபேனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருங்கள். பருத்தி உடுப்பு, தொளதொளவென்று. நுங்குக் காலம் என்றால் நுங்கின் தோலை உரித்து அந்தச் சாற்றைத் தடவி உலரவிட்டுக் கழுவலாம், நுங்கு தின்று வளர்ந்த வீடுகளில் வழி வழியாகச் செய்வதுதான், குளிர்ச்சியாக இருக்கும், கெடுதல் இல்லை. கல்லில் உரைத்த நல்ல சந்தனமும் அப்படியே. பவுடரை அப்புவதை விட்டுவிடுங்கள், வேர்வையில் குழைந்து மடிப்பில் களியாகத் தங்கும், குழந்தைகளின் மூச்சுக்கும் நல்லதல்ல.

வேப்பிலைத் தண்ணீருக்கு இங்கேதான் இடம். ஒரு கைப்பிடி இலையை நன்றாகக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு வடித்து, குளியலின் கடைசித் தண்ணீராக ஊற்றுங்கள். அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே முடியுங்கள். வெட்டுக்காயம் மாதிரித் திறந்த புண்ணில் வேண்டாம். வேப்பெண்ணெயைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பது ஆபத்து, வலிப்பு வரை போகும், அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஆனால் படர்தாமரை வேப்பிலையால் மாறாது. கடி கொஞ்சம் குறையும், வட்டம் பரவிக்கொண்டே போகும். அதற்குப் பூஞ்சணத்துக்கான கிரீம் வேண்டும், வட்டம் மறைந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள் வரை பூச வேண்டும். பாமசியில் "தம்பி, கடிக்கு ஒரு கிரீம் தாங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஸ்டீரொய்ட் கலந்த கிரீம் கைக்கு வந்தால் இரண்டு நாளில் கடி பறந்துவிடும், உள்ளே பூஞ்சணம் தாராளமாக வளரும், பிறகு வைத்தியருக்கே அடையாளம் தெரியாத மாதிரி மாறிவிடும்.

கடித்தது, பட்டது

நுளம்புக்கடிக்குக் குளிர்ந்த சீலையும் கலமைன் லோஷனும் போதும். மழை தொடங்கிய பிறகு முருங்கை மரத்தடியில் துணி காயப்போடாதீர்கள், மயிர்க்கொட்டிப் புழு இருக்கும். பட்டுவிட்டால் கையாலோ சீலையாலோ அழுத்தித் துடைப்பதுதான் பெரிய பிழை, கண்ணுக்குத் தெரியாத மயிர் எல்லாம் இன்னும் உள்ளே ஏறும். செலோடேப்பை ஒட்டி இழுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக மயிர் ஒட்டியிருப்பது தெரியும், அது தெரியாமல் வரும்வரை எடுத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, உடுப்பையும் மாற்றுங்கள். கண்ணில் பட்டால் நேரே ஆஸ்பத்திரி.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலில் குளித்தால், ஈர உடுப்போடு ஓட்டோவில் வீடு வரை வராமல் அங்கேயே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். சொறிமுட்டை, அதாவது ஜெலிமீன், பட்டால் மட்டும் முறை மாறும். முதலில் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் விஷத்தை விடும். நூல் போல ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், ஏறக்குறைய 45 பாகை, 20 நிமிடம் வைத்தால் நோவு குறையும். சுடுநீர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

மீனும் கிரந்தியும்

சூரை மீன் கிரந்தி, அதாவது தோலில் கடியைக் கிளப்பும், தோல் வருத்தம் இருந்தால் தின்னாதே என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சூரை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு விடுகிற அதே சாமான்தான். அதைச் சமைத்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும், நாக்கில் மிளகு தின்ற மாதிரி உறைக்கும். ஒரே சட்டிக் கறியைச் சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாக வந்தால் குற்றம் மீன் கிடந்த விதத்தில். ஒருவருக்கு மட்டும், அந்த மீனோ இறாலோ நண்டோ தின்னும்போதெல்லாம் வந்தால் அது அவருடைய ஒவ்வாமை, அவர் அதைத் தொடாமல் இருப்பதுதான் வழி. இரண்டும் இல்லையென்றால் கத்தரிக்காயையும் தக்காளியையும் மீனையும் வரிசையாக நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். மீன் வாங்கும்போது ஐஸில் கிடக்கிறதா என்று பாருங்கள், வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜில் வையுங்கள்.

இதையெல்லாம் பூசாதீர்கள்

தேசிக்காய்ச் சாறு: பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளித்து, கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அரைத்த உள்ளி தோலைச் சுடும். மண்ணெண்ணெய், பற்பசை, அப்பச்சோடா மூன்றும் வேண்டாம். மஞ்சளைக் கொஞ்சமாக, கிழங்காக வாங்கி உரைத்தால் பரவாயில்லை, கடைத்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் வைத்திருக்கக் கூடாதவை

சிரங்கு ஒரு சிறு பூச்சி தோலைத் துளைத்து முட்டையிடுவதால் வருவது, எந்த இலையும் அதைத் தீர்க்காது. வைத்தியர் தருகிற பேர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தடி விடாமல், இரவில் பூசி விடியக் கழுவ வேண்டும், ஒரு வாரத்தில் இன்னொரு முறை. கடி இருக்கிறதோ இல்லையோ வீட்டில் எல்லாரும் அதே இரவில் பூச வேண்டும், ஏனென்றால் முதல் முறை தொற்றியவருக்குக் கடி தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்டுத்தான் பூச வேண்டும். படுக்கை விரிப்பு, உடுப்பு எல்லாம் கொதிநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள், தோய்க்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வையுங்கள். பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கும், பயந்து திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்காகக் கடிப்பது, முக்கியமாக வயது போனவர்களுக்கு, ஈரல், சிறுநீரகம், தைரொயிட், இரத்தச்சோகை எதிலாவது கோளாறு இருப்பதைக் காட்டலாம், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடித்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், அது பித்தம் தேங்குவதால் வருவதாக இருக்கலாம், அப்படியென்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சீழ், காய்ச்சல், சிவப்பு பரவுதல் இருந்தாலும் வீட்டில் இருக்காதீர்கள். தடிப்போடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடனே 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டலாம். சித்த மருத்துவம்தான் விருப்பம் என்றால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது, படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கே போனாலும் அன்று காலையில் உடம்பில் எதையும் பூசாமல் போங்கள், எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தால் அவருக்குத் தோல் தெரியாது. நீங்கள் வைத்தியரிடம் போகிற நேரம் தடிப்பு மறைந்துவிடும், ஆகவே வந்தபோதே போனில் படம் எடுத்து வையுங்கள். இதுவரை பூசிய டியூப், எண்ணெய், குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.